உப்புக்கும் கரிசலுக்கும் நடுவே

(ஓட்டப்பிடாரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்ப் பெரியவர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, இன்றைக்கு நான் சொல்லப்போவதில் பாதிக்கு மேல் உங்களுக்குத்தான்.

இந்த ஊரில் மேடை ஏறுகிறவர் வ.உ.சி.யின் பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நானும் சொல்கிறேன், ஆனால் வேறொரு கணக்குக்காக. பக்கத்திலிருக்கும் பாஞ்சாலங்குறிச்சியை ஆண்ட கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. புகைப்படம் என்ற ஒன்று வந்துவிட்டதாகப் பாரிஸில் உலகத்துக்கு அறிவித்தது 1839. நடுவில் நாற்பது வருடம். அந்த நாற்பது வருடத்தால் கட்டபொம்மனின் முகம் நமக்கு இல்லாமல் போய்விட்டது. கண்ணை மூடினால் 1959-ல் வந்த படத்தின் சிவாஜி முகம்தான் வருகிறது. வ.உ.சி. இங்கே பிறந்தது 1872. அவருடைய முகம் நமக்குத் தெரியும். அந்த மீசை, அந்தத் தலைப்பாகை, அந்தப் பார்வை எல்லாம் தெரியும். எட்டயபுரத்துப் பாரதிக்கு இருக்கும் படங்களை எண்ணி எடுத்துவிடலாம். ஆனாலும் அந்தக் கண்ணை மறக்க முடியுமா?

இப்போது இந்தக் கூடத்தில் இருக்கும் போன்களில் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் படம் இருக்கும். கோயில் கொடை, கல்யாண வீடு, குற்றாலம் அருவி எல்லாம் இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான். அதில் உங்கள் அடுப்படி இருக்கிறதா? ஆச்சியின் கை இருக்கிறதா? புறவாசலில் நிற்கும் கறிவேப்பிலை மரம் இருக்கிறதா?

நான் தொழில்முறைப் படக்காரன் இல்லை. தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக வேலை பார்த்தவன். காலையில் இங்கிருந்து பஸ் ஏறி, கரிசல் காட்டைத் தாண்டி, உப்புப் பாத்திகளுக்கு நடுவே போய் இறங்குவேன். சாயங்காலம் அதே வழியில் திரும்புவேன். முப்பது வருடம் இதே போக்குவரத்து. என் படங்கள் எல்லாம் இந்த வழியிலும் என் வீட்டிலும் எடுத்தவை. அதற்கு வெளியே நான் போனது குறைவு, போகவேண்டும் என்று தோன்றியதும் குறைவு.

முதல் கேமரா எனக்கு ஆச்சி வீட்டில் கிடைத்தது. அது ஒரு கூரை. பனையோலை மேய்ந்த கூரை, இரண்டு மூன்று இடத்தில் ஓலை இற்று ஓட்டை விழுந்திருக்கும். மத்தியானம் சாணி மெழுகிய தரையில் வட்ட வட்டமாக வெயில் விழும். சின்ன வயதில் அதைக் கையில் பிடித்து விளையாடியிருக்கிறோம். ஓட்டையோ கோணல் மாணலாக இருக்கும், தரையில் விழும் வெளிச்சம் மட்டும் அச்சு வார்த்த மாதிரி வட்டமாக இருக்கும். அது ஏன் என்று எனக்கு நெடுநாள் தெரியாது. தரையில் விழுந்தது ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம். ஊசித்துளைக் கேமரா என்பது இதுதான். துளையிலிருந்து தரை எவ்வளவு தூரமோ, அதில் ஏறக்குறைய 108-ல் ஒரு பங்கு அகலத்துக்கு அந்தச் சூரியன் விழும். பத்தே முக்கால் அடி உயரத்தில் ஓட்டை இருந்தால், தரையில் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு சூரியன். ஆச்சி தினம் வாரியலால் பெருக்கியது அந்தச் சூரியன்களைத்தான்.

இதை நான் கண்ணாரக் கண்டது 2010 ஜனவரி 15 அன்று. பெரியவர்களுக்கு நினைவிருக்கும், அன்றைக்கு மாட்டுப் பொங்கல். மாடு குளிப்பாட்டிக் கொம்புக்கு வர்ணம் பூசி வேப்பமரத்தடியில் கட்டியிருந்தோம். மத்தியானம் ஒரு மணிக்கு மேல் கங்கண சூரிய கிரகணம். தனுஷ்கோடி, தூத்துக்குடி, கன்னியாகுமரி எல்லாம் அந்தப் பாதைக்குள் இருந்தன. வெயில் இருக்கிறது, ஆனால் வெயிலாக இல்லை. நிலா வெளிச்சத்தில் பகலைக் கரைத்த மாதிரி இருந்தது. ஊர்க்காரர்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் வானத்தைப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. மரத்தடியைப் பார்த்தேன். வேப்பிலை இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு துளை. தரை முழுக்க மோதிரம். மாட்டின் வெள்ளை முதுகில் மோதிரம், தொட்டித் தண்ணீரில் மோதிரம், கோலத்தின் மேல் மோதிரம். ஆயிரம் இருக்கும். அந்தப் படத்தை ஒரு சாதாரண டிஜிட்டல் கேமராவில் எடுத்தேன். என்னிடம் இருக்கும் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அதற்கு நான் வீட்டு முற்றத்தை விட்டு ஓர் அடி நகரவில்லை.

வீட்டை எடுப்பது கலையின் கடைசிப் படி என்று சிலர் நினைக்கிறார்கள். அது முதல் படி. இங்கிலாந்தில் டால்பட் என்பவர் காகிதத்தில் படம் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர். 1844-ல் அவர் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கிய புத்தகம், புகைப்படங்களை ஒட்டி விற்பனைக்கு வந்த முதல் புத்தகங்களில் ஒன்று. அதில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? அலமாரியில் அடுக்கிய பீங்கான் சாமான். ஒரு செடியின் இலை. ஏணி சாத்திய ஒரு வைக்கோல் போர். நம் ஊரில் சோளத்தட்டைப் படப்பு நிற்குமே, அது மாதிரி. பாதி திறந்த ஒரு கதவு, அதன் ஓரத்தில் சாத்திவைத்த வாரியல். ஆமாம், வாரியல். ராஜாவையும் ராணியையும் விட்டுவிட்டு, வாசல் பெருக்கும் வாரியலின் நிழல் கதவில் சாய்ந்து விழுவதை அவர் எடுத்தார். 180 வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கும் அந்தப் படத்தின் முன்னால் நின்று பார்க்கிறார்கள்.

நம் சீமைக்காரர் ஒருவரைப் பற்றி இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். மா. கிருஷ்ணன். 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். அப்பா அ. மாதவையா, 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவர், பெருங்குளத்துக்காரர். வ.உ.சி. பிறந்த அதே 1872-ல், அவருக்கு இருபது நாள் முன்னால் பிறந்தவர். மாதவையா வேலை பார்த்தது உப்பு, ஆயத்தீர்வை இலாகாவில். உப்புக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் அது எனக்கு ஒரு நெருக்கம். 1925-ல் சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் விட்டார். கிருஷ்ணனுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அந்தப் பையன்தான் பின்னாளில் இந்தியாவின் காட்டுயிர்ப் படக்கலைக்கு முன்னோடி ஆனார். கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மேன்' பத்திரிகையில் 1950-ல் ஒரு பத்தி எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரியில் சாகும் வரைக்கும் நிறுத்தவில்லை. நாற்பத்தாறு வருடம். கடைசி வரை கறுப்பு வெள்ளையில்தான் படம் எடுத்தார். தானே கழுவி, தானே அச்சிட்டார். வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தனக்கென்று கனமான ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டார். யானையையும் காட்டெருதையும் எடுத்தவர்தான். ஆனால் 1961-ல் வந்த அவருடைய புத்தகத்துக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் 'காடும் கொல்லைப்புறமும்' என்று வரும். காட்டுக்குச் சமமாகக் கொல்லைப்புறத்தை வைத்தார், பாருங்கள். காக்கையைப் பற்றி, அணிலைப் பற்றி, தெருநாயைப் பற்றி, ஆட்டைப் பற்றி எழுதினார். தமிழிலும் எழுதினார், அந்தக் கட்டுரைகள் தியடோர் பாஸ்கரன் தொகுப்பில் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று புத்தகமாக வந்திருக்கிறது. பிள்ளைகள் நூலகத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஒரு பறவை தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்பதைத் தமிழில் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடியுமா என்று ஆச்சரியப்படுவீர்கள்.

அவரிடம் நான் கற்றுக்கொண்டது நுட்பம் இல்லை. தினம் பார்க்கிறதை நாம் பார்ப்பதே இல்லை என்பது. கிட்டத்தில் இருக்கிறதே, தெரியும்தானே என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தெரியும் என்ற நினைப்பு பெரும்பாலும் தப்பு. நாம் மட்டும் இல்லை, கேமராவும் அதே தப்பைச் செய்கிறது. அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது நம் ஊர் மண்ணும் தூத்துக்குடி உப்பும்.

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்க ஒரு மீட்டர் இருக்கிறது. போனுக்குள்ளும் இருக்கிறது. அதற்கு உலகம் என்ன நிறம் என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அது சராசரியாக நடுச்சாம்பல் நிறமாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும். பெரும்பாலான இடங்களில் அந்தக் கணக்கு சரியாக வரும். உப்பளத்தில் வராது. மார்கழி மழை ஓய்ந்து, தையில் பாத்தி கட்டி, மாசி பங்குனியில் உப்பு வாரிக் குவிக்கிறார்கள். அந்த அம்பாரத்தை எடுத்தால் படத்தில் அழுக்குச் சாம்பலாக வரும். கண் கூசுகிற வெள்ளையை மீட்டர் தன் நடுச்சாம்பலுக்கு இழுத்துவிடுகிறது. நாமாக வெளிச்சத்தை ஒரு படி, ஒன்றரைப் படி கூட்டிக்கொடுக்க வேண்டும். போனில் என்றால் திரையைத் தொட்டால் ஒரு சின்னச் சூரியப் பொம்மை வரும், அதை மேலே தள்ள வேண்டும். அதே நான் சாயங்காலம் பஸ் இறங்கி, உழுது போட்ட கரிசலை எடுத்தால், அந்தக் கறுப்பும் சாம்பலாகவே வரும். இங்கே குறைக்க வேண்டும். காலையில் கூட்டு, மாலையில் குறை. ஒரே கருவி, ஒரே நாள், முப்பது கிலோமீட்டருக்குள். இந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை.

மண்ணுக்கும் உப்புக்கும் நடந்தது முகத்துக்கும் நடக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. என் அம்மா நல்ல கறுப்பு. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து, மிளகாய் பறித்து வளர்ந்த உடம்பு. கல்யாணத்துக்கு மறு வாரம் அப்பா அவளை ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய் எடுத்த படம் எங்கள் வீட்டில் மாட்டியிருந்தது. அதில் இருப்பது என் அம்மா இல்லை. முகத்தைத் தீட்டித் தீட்டி வெளுத்திருந்தார்கள். மூக்குக்குப் பக்கத்தில் இருந்த மச்சம் கூடக் காணோம். மூக்குத்தி மட்டும் அவளுடையது. அவளுடைய இருபது வயது முகம் எனக்கு எங்கேயும் கிடைக்கவில்லை, இனிமேல் கிடைக்கப்போவதும் இல்லை. இது ஓர் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு அனுப்பிய அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான் இருக்கும். 'ஷர்லி அட்டை' என்று அதற்குப் பேர். அந்த நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். நம் போன்ற முகங்கள் படத்தில் இருட்டாக விழுந்தால், குறை முகத்தில் இருக்கிறது என்று நம்மை நம்ப வைத்தது அந்த அட்டை.

அம்மாவுக்கு அறுபது தாண்டிய பிறகு நான் அவளை எடுக்கத் தொடங்கினேன். முதலில் வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நிறுத்தினேன். மீட்டர் சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டது, அம்மாவின் முகம் குழிக்குள் போய்விட்டது. பிறகு ஒருநாள் தற்செயலாகத்தான் கிடைத்தது. காலை எட்டு மணி இருக்கும். திண்ணையில் நிழலில் உட்கார்ந்து சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் வீட்டின் உள்ளிருட்டு. தெருவில் விழுந்த வெயில் அந்த அரிசியில் பட்டு, கீழிருந்து மேலே அவள் முகத்தில் ஏறியது. கன்னத்தின் கறுப்பு அப்படியே மினுங்கியது, எண்ணெய் தடவிய கருங்கல் மாதிரி. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றும் தெரிந்தது. மச்சம் தெரிந்தது. ஸ்டுடியோவில் லைட் வைத்துச் செய்ய முடியாததை ஒரு சுளகு அரிசி செய்தது. பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களை எடுக்க ஆசைப்பட்டால் வெயிலில் நிறுத்தாதீர்கள். வாசல் நிழலில், உள்ளிருட்டை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார வையுங்கள். மடியில் அரிசியோ, வெள்ளை வேட்டியோ, எவர்சில்வர் தாம்பாளமோ இருக்கட்டும். படத்தை வெளுக்கும் பொத்தானைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

இனி சில சோதனைகள். செலவில்லாதவை.

ஒரு கைப்பிடி கல்லுப்பை எடுத்து வெந்நீரில், இனி கரையாது என்னும் வரைக்கும் கரையுங்கள். துணியில் வடிகட்டி இரண்டு தட்டில் ஊற்றுங்கள். ஒன்றைக் காற்று வீசாத அலமாரிக்குள் வையுங்கள், ஒன்றை வெயிலில் வையுங்கள். அலமாரித் தட்டில் நாலைந்து நாளில் சின்னச் சின்னக் கட்டங்கள், தாயக்கட்டை மாதிரி, முனை மழுங்காமல் வளரும். வெயில் தட்டில் வேறு கதை. தண்ணீர் வேகமாக வற்றுவதால் மேல்மட்டத்திலேயே படிகம் பிறந்து மிதக்கும். ஓரங்கள் வேகமாக வளரும், நடு பின்தங்கும். பாரம் ஏற ஏற அது கீழே அமிழ, ஓரத்தில் அடுத்த சுற்று வளரும். கடைசியில் தலைகீழாகக் கவிழ்த்த சதுரக் கூம்பு மாதிரி, உள்ளே குழிவாக ஒன்று கிடைக்கும். அதைக் கறுப்புக் குடைத்துணி மேல் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தரையோடு தரையாகப் பிடித்து, போனுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடியை வைத்துப் பாருங்கள். கோயில் தெப்பக்குளம்! நாலு பக்கமும் படி இறங்குகிறது, ஒழுங்கு தவறாமல், சதுரம் சதுரமாக. முப்பது வருடம் டன் கணக்கில் உப்பு எழுதியவன் நான். ஓர் உப்புக்குள் தெப்பக்குளம் இருக்கிறது என்பது வேலையை விட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்தப் படத்தை உப்பளத்தில் வாரியெடுக்கும் ஓர் அக்காளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். வருடக் கணக்கில் அந்த வெள்ளையின் கூச்சத்தில் வெந்த கண் அவளுக்கு. படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துத்தான் பார்த்தாள்.

கேமராவே இல்லாமலும் படம் எடுக்கலாம். 1842-ல் ஹெர்ஷல் என்ற விஞ்ஞானி இரும்பு உப்புகளை வைத்து நீலப்படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அடுத்த வருடமே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடல்பாசிகளை அந்தக் காகிதத்தில் பரப்பி வெயிலில் காட்டி, புத்தகமாக வெளியிடத் தொடங்கிவிட்டார். அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு என்று இரண்டு பொருள்தான் தேவை. வேதியியல் ஆசிரியர் துணையோடு செய்யுங்கள். கரைத்துக் காகிதத்தில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே இலையைப் பரப்பி வெயிலில் வைத்து, பிறகு வெறும் தண்ணீரில் அலச வேண்டும். இலை இருந்த இடம் வெள்ளை, மற்றதெல்லாம் சொட்டு நீலம் போட்ட நிறம். தருவைகுளம் கரையில் வலையை உதறும்போது பாசி விழும். அதைப் பொறுக்கி வந்து ஒருநாள் செய்தோம். நம் வெயிலுக்குப் பத்து நிமிடம் கூடத் தேவைப்படவில்லை.

ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த மறுநாள் காலை கரிசல் வரப்பில் நடந்தால் சிவப்பு வெல்வெட்டில் தைத்த பொத்தான் மாதிரி பூச்சி ஊரும். தம்பலப்பூச்சி. சங்கப் பாடல்கள் இதை மூதாய் என்கின்றன. வருடத்தில் சில நாள்தான் வெளியே வரும். எட்டுக்கால். பூச்சி என்கிறோம், ஆனால் சிலந்திக்குத்தான் சொந்தம். கறுப்பு மண்ணில் அந்தச் சிவப்பை எடுப்பது சுலபம் இல்லை. மீட்டர் மண்ணைப் பார்த்து ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், சிவப்பு வெளிறிப்போகும். குறைக்க வேண்டும் என்று முன்னால் சொன்னேனே, அது இங்கே பயன்படும். மண்டியிட்டு, முழங்கையை ஈர மண்ணில் ஊன்றி, அதன் கண் மட்டத்துக்கு இறங்க வேண்டும். சட்டை போகும். போகட்டும்.

ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க எனக்கு மனம் இல்லை. எங்கள் வீட்டுச் செம்பருத்தியில் கொண்டைக்குருவி ஒன்று கூடு கட்டியது. மூன்று முட்டை. மூன்றும் பொரித்தன. தினம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் வாயைத் திறக்கும்போது உள்ளே தெரியும் சிவப்பைத் தெளிவாக எடுக்க வேண்டும் என்று ஆசை. குறுக்கே இரண்டு கொப்பு மறைத்தது. ஒடிக்கவில்லை, நூலால் ஒதுக்கிக் கட்டினேன், எடுத்துவிட்டு அவிழ்த்துவிடலாம் என்று. படம் நன்றாக வந்தது. சாயங்காலம் வேலையில் நூலை மறந்துவிட்டேன். மறுநாள் காலை ஒரு செம்போத்து கொப்பை விட்டு இறங்கிப் போவதைப் பார்த்தேன். கூட்டில் ஒன்றும் இல்லை. தாய்க்குருவி வாயில் புழுவோடு வந்து, கூட்டின் விளிம்பில் நின்று, அதைக் கொடுக்க இடமில்லாமல் அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கொப்புகள் மறைப்பு இல்லை, அவைதான் அந்த வீட்டின் கதவு. அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை. பிள்ளைகளே, கூட்டுக்குக் கிட்டப் போகாதீர்கள். பூச்சியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து மயங்கச் செய்து எடுக்காதீர்கள். வல்லநாட்டில் வெளிமானைப் பார்த்தால் தூரத்தில் நின்றே எடுங்கள். அது ஓடத் தொடங்கினால் நாம் தப்புச் செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

2023 டிசம்பர் 17, 18 நமக்கு மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடியில் உறவினர் வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு போனேன். அரிசி போயிற்று, மெத்தை போயிற்று. மதினி அழுதது ஆல்பத்துக்காக. நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவசரப்பட்டு வெயிலில் காயவைத்திருந்தால் கட்டியாக இறுகியிருக்கும். படத்தின் மேலே இருப்பது ஜெலட்டின். நனைந்தால் ஊறிக் கொழகொழவென்று ஆகும். காய்ந்தால் பக்கத்துப் படத்தோடு ஒட்டிப் பிய்ந்துவிடும். அகலமான பாத்திரத்தில் சுத்தமான தண்ணீர் ஊற்றி அப்படியே மிதக்கவிட்டோம். கொஞ்ச நேரத்தில் அவையாகவே பிரிந்தன. முகம் பக்கம் விரல் படாமல், ஓரத்தைப் பிடித்து எடுத்துச் சேற்றை அலசி, நிழலில் வெள்ளைத் துணி விரித்து, முகம் மேலே இருக்கும்படி பரப்பினோம். வீடு முழுக்க ஈர முகங்கள். சிலவற்றில் நிறம் ஓடிவிட்டது. பெரும்பாலானவை பிழைத்தன. மதினி ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்து ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். பழைய வீட்டு அடுப்படி. யாரோ எப்போதோ பிலிம் மிச்சம் இருந்தது என்று எடுத்திருக்கிறார்கள். ஆள் யாரும் இல்லை. அடுப்பு, உறி, சுவரில் புகைக்கறை, மூலையில் ஒரு கடவம். அவளுடைய அம்மா வாழ்ந்த இடம் அது. ஆல்பத்தில் அவள் முதலில் காப்பாற்றச் சொன்னது கல்யாணப் படத்தை. கடைசியில் கையில் எடுத்து வைத்துக்கொண்டது இதை.

நேரம் ஆகிறது. கறிவேப்பிலையோடு முடிக்கிறேன்.

புறவாசல் கறிவேப்பிலையில் தளிர் விடும்போது ஒரு பட்டாம்பூச்சி வந்து, உட்கார்ந்தும் உட்காராமலும் முட்டை வைத்துவிட்டுப் போகும். எலுமிச்சை அழகி. முட்டை கடுகளவு, இளமஞ்சள். அதிலிருந்து வரும் புழுவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், ஆனால் புழு என்று தெரிந்திருக்காது. கறுப்பும் வெள்ளையுமாக அச்சு அசல் காக்கை எச்சம். இலையில் எச்சம் என்று நினைத்துப் பறவையும் விட்டுவிடும், நாமும் குழம்புக்கு அந்த இணுக்கை ஒதுக்கிவிடுவோம். நான்கு முறை தோல் உரித்த பிறகு ஒருநாள் பச்சை நிறமாக மாறும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்று நீட்டும், ஒரு நெடி வரும். பிறகு இலையை விட்டு இறங்கி ஒரு குச்சியில் வால் நுனியை ஒட்டிக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஓர் இழை கட்டி, பின்னால் சாய்ந்து நிற்கும். மின்கம்பத்தில் ஏறிய தொழிலாளி இடுப்பு வாரில் சாய்ந்து நிற்கிறாரே, அப்படியே. பச்சைக் கொப்பில் கட்டினால் கூடு பெரும்பாலும் பச்சை. காய்ந்த குச்சியிலோ சுவரிலோ கட்டினால் பழுப்பு. இதை நான் ஒரே செடியை நான்கு வருடம் எடுத்ததில் சரிபார்த்துக்கொண்டேன். அதே இடம், அதே ஜன்னல் வெளிச்சம், தினம் ஒரு படம். தேதி எழுதிய நோட்டு இங்கே இருக்கிறது, கூட்டம் முடிந்ததும் புரட்டிப் பாருங்கள்.

இப்போது ஒரு கூடு இருக்கிறது. இன்றைக்கு எட்டாம் நாள். காலையில் வரும்போது பார்த்தேன், பச்சை போய்க் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே கறுப்புச் சிறகும் மஞ்சள் புள்ளியும் மடித்து வைத்த சேலை மாதிரி தெரிகிறது. அப்படித் தெரிந்தால் மறுநாள் விடிந்து வெயில் ஏறுவதற்குள் விரிந்துவிடும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் கிடையாது. ஆறரை மணிக்கு வருகிற பிள்ளைகள் வாருங்கள். புறவாசல் கதவு திறந்திருக்கும். ஃப்ளாஷை மட்டும் அணைத்துவிட்டு வாருங்கள்.